பழம்புத்தகமும் அழுத்துப் பொறியும்

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துத் தைத்து, அட்டை கட்டி, ஊர்விட்டு ஊர் வந்தபோதும் பெட்டியில் வைத்துக் கொணர்ந்தவர்கள் நம்மிற் பலர். அவற்றின் மடிப்பும் கறையும் நமக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. படிக்கக் கிடைத்தாற் போதும். ஆனால் அமெரிக்காவில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைச் சேகரிப்போரிடையே ஒரு மடிப்புக்கும் மதிப்புண்டு. அதனாலேயே, விற்குமுன் மடிப்பை நீக்கலாமா, நீக்கியதை வாங்குவோரிடம் உரைக்க வேண்டுமா என்னும் வழக்கு அங்கே எழுந்தது.

1938 ஜூன் மாதமிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில்தான் சூப்பர்மேன் தோன்றினான். அதன் விலை 10 சென்ட். சிறுவர் படித்துவிட்டு எறியும் மலிவுத் தாளாகவே அந்நாளில் அதனைக் கருதினர். இரண்டாம் உலகப் போரின்போது பழங்காகிதம் திரட்டிய இயக்கத்தில் இத்தகைய புத்தகங்கள் ஏராளமாக அழிந்தன. இவை இளைஞரைக் கெடுக்கின்றன என்ற கண்டனம் வலுத்து, 1954-இல் செனட் சபையின் துணைக்குழு விசாரணையே நடத்திற்று. எஞ்சியவை அரியவையாயின, அரியவை விலை பெற்றன.

1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடொன்றை வெளியிட்டார். 2000-இல் சி.ஜி.சி. என்னும் நிறுவனம் தோன்றி, புத்தகத்தின் நிலையை ஆராய்ந்து 0.5 முதல் 10 வரை புள்ளி வழங்கிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடும் முறையைக் கொணர்ந்தது. 2010 பிப்ரவரியில் 8.0 புள்ளி பெற்ற சூப்பர்மேன் முதல் இதழொன்று 10 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று; மறுமாதமே 8.5 பெற்ற வேறொரு பிரதி 15 லட்சம் டாலரைப் பெற்றது. அரைப் புள்ளியை நாடி மனிதர் எவ்வளவு முயல்வர் என்பதை இதனால் உணரலாம்.

அம்முயற்சிகளுள் ஒன்றே அழுத்திச் சமன்செய்தல். தாளில் சிறிது ஈரப்பதம் ஏற்றி இழைகளை இளகச்செய்து, மிதமான சூட்டில் பொறியிடை வைத்து அழுத்தி, பாரத்தின் கீழ் ஆறவிடுவர். வளைவும் பள்ளமும் மறையும். ஆனால் மை உதிர்ந்த மடிப்போ, கிழிசலோ இதனால் மறையா. சூடு மிகுந்தால் தாள் நொறுங்கும் தன்மை பெறும். ஈரம் மிகுந்தால் கம்பித் தையல் துருப்பிடிக்கும்.

வண்ணம் பூசுதல், துண்டு ஒட்டுதல் முதலியன புதுப்பித்தலாகும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அத்தகைய பிரதிக்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டப்படும்; விலையும் வீழும். அழுத்துதலில் எதுவும் சேர்க்கப்படுவதில்லை; ஆதலால் அது புதுப்பித்தல் ஆகாது என்பது சி.ஜி.சி. கொள்கை. பின்னாளில் அதன் சகோதர நிறுவனமே அப்பணியைக் கட்டணத்துக்குச் செய்யலாயிற்று. உயர்புள்ளி பெறுவதற்காகவே செய்யப்படும் மாற்றத்தை மறைப்பது முறையன்று என்பது எதிர்தரப்பினர் வாதம்.

இவ்வழக்கில் சிந்திக்கத்தக்க செய்தியொன்றுண்டு. 1977-இல் கொலராடோ மாநிலத்தில் எட்கர் சர்ச் என்பவரின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ 20,000 புத்தகங்கள் வெளிவந்தன. அழகிற் சிறந்தவையாக இன்றும் போற்றப்படும் அவை, வறண்ட காற்றில், ஒன்றன்மேல் ஒன்றாக உயர அடுக்கப்பட்டுப் பல்லாண்டு கிடந்தவை. அடுக்கின் பாரம் அழுத்தியதைப் போற்றுவோர், பொறி அழுத்தியதை மட்டும் எவ்வாறு பழிப்பது?

அழுத்துதல் தன்னளவிற் குற்றமன்று; இன்று சேகரிப்பாளருட் பெரும்பாலோர் அதனை ஏற்கின்றனர். எனினும் திறம்பட அழுத்திய பிரதியைக் கண்ணாற் கண்டறிதல் அரிது. ஆய்வாளரும் உறுதியாகச் சொல்ல இயலாதவிடத்து, வாங்குபவருக்கு விற்பவரின் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. ஆகவே, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது விற்பவரின் கடமை. சொல்லாவிடில் கேட்டறிவது வாங்குபவருக்கு நலம்.