கடலில் விழாத சமையலறை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப்போன விஷயம் இது. ஆன்சைட்னு பெல்ஃபாஸ்ட்ல கொண்டுபோய் விட்டிருந்தாங்க. வந்த புதுசுல ஒரு சனிக்கிழமை, ரூம் பசங்க நாலு பேரும் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கிட்டு வடக்குக் கடற்கரைப் பக்கம் கிளம்பினோம். எல்லாரும் போறது ஜயண்ட்ஸ் காஸ்வே பாக்கத்தான். ஆனா என்னைப் பிடிச்சு வச்சது அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற டன்லூஸ் கோட்டை.

செங்குத்தான கரும்பாறை. மூணு பக்கமும் கடல். பாறைக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பள்ளம், அதுக்கு மேல ஒரு சின்னப் பாலம். கூரையில்லாத சுவர்களும் ரெண்டு வட்டக் கோபுரமும்தான் மிச்சம். பாறைக்கு அடியில ஒரு குகை குடைஞ்சுக்கிட்டுப் போகுது, அலை உள்ள போய் அடிக்கிற சத்தம் மேல நிக்கிற நமக்கு உறுமல் மாதிரி கேக்கும். "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" பாத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கிரேஜாய் குடும்பத்தோட பைக் கோட்டைக்கு இதைத்தான் கிராஃபிக்ஸ்ல ஊதிப் பெருசாக்கிக் காட்டினாங்க.

இங்க சொல்ற பிரபலமான கதை இதுதான். 1639-ல ஒரு புயல் ராத்திரி, பெரிய விருந்து. சமைச்சுக்கிட்டு இருக்கும்போதே சமையலறை அப்படியே பிச்சுக்கிட்டுக் கடல்ல விழுந்துடுச்சு. சமையல்காரங்க எல்லாரும் போய்ட்டாங்க, ஒரு மூலையில உக்காந்திருந்த எடுபிடிப் பையன் மட்டும் தப்பிச்சான். அதுக்கப்புறம் வீட்டம்மா, ஆன்ட்ரிம் பிரபுவோட மனைவி கேத்தரின் மேனர்ஸ், "இனி இந்த வீட்டுல ஒரு நாள் கூட இருக்க மாட்டேன்"னு கிளம்பிட்டாங்களாம்.

அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு இந்தக் கதையை மசாலா சேர்த்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அந்தப் பையன் அப்புறம் என்னடா ஆனான்?"

எனக்குத் தெரியலை. தேடிப் பாத்துச் சொல்றேன்னு வச்சுட்டேன். அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சுது.

கதையை முதல்லேர்ந்து சொல்லிடறேன். இப்ப நிக்கிற கோட்டையோட பழைய பகுதிகளைக் கட்டினவங்க மெக்குய்லன் குடும்பம். வடகிழக்குக் கோபுரத்துல ஒரு பேய்க்கதை உண்டு: மேவ் ரோன்னு மெக்குய்லன் பொண்ணு, அப்பா பாத்த மாப்பிள்ளையை வேணாம்னு சொன்னதால அங்க அடைச்சு வச்சாங்க, காதலனோட படகுல தப்பிக்கும்போது மூழ்கிட்டா, இன்னும் அந்தக் கோபுரத் தரையைக் கூட்டிப் பெருக்கி வைக்கிறான்னு. (நம்ம ஊர்ப் பேய்ங்க இப்படி வீட்டு வேலை செஞ்சு நான் கேள்விப்பட்டதில்லை.)

16-ஆம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்துத் தீவுகள்லேர்ந்து வந்த மெக்டானல்கள் மெக்குய்லன்களைத் துரத்திட்டாங்க. அவங்கள்ல பெரிய ஆளு சோர்லி பாய். பாய்னா இங்கிலீஷ் பையன் இல்லை, ஐரிஷ்ல மஞ்சள்னு அர்த்தம், அதாவது செம்பட்டைத் தலையன். இவருக்கும் எலிசபெத் ராணியோட ஆளுங்களுக்கும் வாழ்நாள் பூரா சண்டை. 1575-ல பக்கத்துல ராத்லின் தீவுல பாதுகாப்புக்குன்னு அனுப்பி வச்ச பொம்பளைங்க, குழந்தைங்க உட்பட நூத்துக்கணக்கான பேரை ஆங்கிலேயப் படை கொன்னுபோட்டுது. படையை நடத்தினது ஜான் நாரிஸ். கப்பல்ல இருந்தவர்ல ஒருத்தர், நாம பள்ளிக்கூடத்துல உலகத்தைச் சுத்தி வந்தவர்னு படிச்ச ஃபிரான்சிஸ் டிரேக். 1584-ல ஜான் பெரட் பீரங்கி வச்சு டன்லூஸைப் பிடிச்சார். மறுவருஷமே மெக்டானல் ஆளுங்க பாறையில ஏறித் திரும்பப் பிடிச்சுட்டாங்க. உள்ள இருந்த ஆள் ஒருத்தன் அவங்களைக் கூடையில வச்சு இழுத்துவிட்டான்னு சொல்றாங்க. 1586-ல சோர்லி பாய் டப்ளின் போய்ப் பணிஞ்சு, நிலத்தை வாங்கிக்கிட்டார்.

இப்ப சமையலறை. நான் முதல்ல கவனிச்சிருக்க வேண்டியது: அது இன்னும் அங்கேயே இருக்கு! அடுப்பு, கணப்பு, வாசல் எல்லாம். நானே அதுக்குள்ள நின்னு போட்டோ எடுத்திருக்கேன், ஹி ஹி. கடல்ல விழுந்தது பெரிய வீட்டோட வடக்குச் சுவர், அதுவும் 18-ஆம் நூற்றாண்டுல, குடும்பம் போய் ரொம்ப காலம் கழிச்சு. 1639-ல ஓடிட்டாங்கன்னா, 1642-ல ஜெனரல் மன்ரோ விருந்தாளியா வந்து, சாப்பிட்டுட்டு, விருந்து போட்ட பிரபுவையே எப்படி டன்லூஸ்ல கைது பண்ணியிருக்க முடியும்? உண்மையில நாசமானது கோட்டைக்கு வெளிய இருந்த ஊர்தான். 1608 வாக்குல முதல் பிரபு ராண்டல் மெக்டானல் கட்டம் கட்டமாத் தெரு போட்டுக் கட்டின ஊர். 1641 கிளர்ச்சியில எரிஞ்சு மண்ணுக்குள்ள போய், 2011 வாக்குல தோண்டினப்பத்தான் தெருக்கல்லு வெளிய வந்தது. அந்த ஊரைப் பத்தி யாரும் எனக்குக் கதை சொல்லலை.

அப்ப ஊர்க்காரங்க சொல்றதெல்லாம் கட்டுக்கதையா? அங்கதான் எனக்கு இன்னொரு அடி.

1588-ல தோத்துத் திரும்பின ஸ்பானிஷ் ஆர்மடாவுல ஹிரோனான்னு ஒரு கப்பல். ஏற்கனவே உடைஞ்ச வேற ரெண்டு கப்பல் ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு, சுமார் 1300 பேரோட ஸ்காட்லாந்துக்குக் கிளம்புச்சு. அக்டோபர் 26 ராத்திரி, சுக்கான் உடைஞ்சு, காஸ்வே பக்கத்துல லக்காடா முனையில மோதிடுச்சு. பிழைச்சவங்க பத்துப் பேர் கூட இல்லை. அவங்களை சோர்லி பாய் ஸ்காட்லாந்துக்கு அனுப்பி வச்சார். கப்பலோட பீரங்கியைக் கோட்டையில வச்சுக்கிட்டார், மிச்ச சாமானை வித்த காசு கோட்டையைப் புதுப்பிக்கப் போச்சு.

கப்பல் எங்க மூழ்கினதுன்னு பல பேர் தப்பான இடத்துல தேடினாங்க. ஆனா அந்தக் கடற்கரையில ஒரு சின்ன வளைகுடாவுக்குப் பேரே போர்ட் நா ஸ்பானியா, ஸ்பானியர் துறை. பெல்ஜியம்காரர் ராபர்ட் ஸ்டெனுயி அந்தப் பேரை நம்பி 1967-ல அங்கேயே குதிச்சார். கிடைச்சுது. கிட்டத்தட்ட 380 வருஷம் அந்த ஊர்ப்பேர் சரியான இடத்தையே காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அந்தப் பொருளெல்லாம் பெல்ஃபாஸ்ட்ல அல்ஸ்டர் மியூசியத்துல இருக்கு. மாணிக்கம் பதிச்ச தங்கப் பல்லி ஒண்ணு, அதைப் பாக்கத்தான் கூட்டம். நான் ரொம்ப நேரம் நின்னது ஒரு சின்னத் தங்க மோதிரத்துக்கிட்ட. ஒரு கை இதயத்தைப் பிடிச்சு நீட்டுற மாதிரி வேலைப்பாடு. கூடவே ஸ்பானிஷ்ல எழுத்து: உனக்குத் தர என்கிட்ட இதுக்கு மேல ஒண்ணும் இல்லை. கிளம்பும்போது யாரோ ஒருத்தி போட்டு அனுப்பியிருக்கணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட சொன்னேன், "சமையலறை விழவே இல்லையாம்மா. அந்தப் பையன்னு யாரும் இல்லை."

"நல்லதாப் போச்சு," அப்படின்னாங்க, "அப்ப யாரும் சாகலை."

மோதிரத்தைப் பத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள குக்கர் சத்தம் கேட்டு எழுந்து போய்ட்டாங்க.