துணியால் கட்டிய வீடு

அரசின் இணையச் சேவைகளைக் குடிமக்களோடு சேர்ந்து வடிவமைக்க வேண்டும் என்ற கருத்து, கருத்தரங்குகளில் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒன்றாகவே அறிமுகமாகிறது. 1981இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய 'உட்டோப்பியா' திட்டத்தை அதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்கள், தமக்கு வரவிருந்த கணினியை அட்டையாலும் மரத்தாலும் மாதிரி செய்து, அதில் வேலைபார்ப்பதாகப் பாவித்துக் குறைகளைக் கண்டறிந்தனர்.

அதே பத்தாண்டில் மும்பையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. அதன் வேர் கோவண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், மான்கூர்த் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். பின்னர் அவரது தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு, 'ஸ்பார்க்' நிறுவனத்தோடும் 'மகிளா மிலன்' பெண்களோடும் கைகோத்தது. பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த அப்பெண்கள், தங்களுக்கு வேண்டிய வீட்டைத் துணியாலும் மரச்சட்டங்களாலும் முழு அளவில் கட்டி, உள்ளே நடந்து பார்த்து அளவுகளைத் தீர்மானித்தனர். சிறிய தரைப்பரப்பை ஈடுகட்ட 14 அடி உயரமும் ஒரு பரணும் வேண்டும் என்ற முடிவு அப்படிப் பிறந்ததே.

மகாராஷ்டிரத்தில் 2015இல் பொதுச்சேவை உரிமைச் சட்டம் வந்தது. சான்றிதழ்களுக்கு 'ஆப்லே சர்க்கார்' தளத்தில் விண்ணப்பிக்கலாம். மொழி மராத்தி அல்லது ஆங்கிலம். மொழியைவிட நுட்பமான தடை ஒன்றும் உண்டு. மராத்தி மரபில் ஒருவர் பெயருக்கு மூன்று பகுதிகள்: தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர். தமிழருக்குப் பெரும்பாலும் ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயருமே. குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதை எழுதுவது? ரேஷன் அட்டையில் ஒன்று, ஆதாரில் வேறொன்று என எழுதிவிட்டால், பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பக்கூடும். படிவத்தைத் தானே நிரப்ப முடியாதவர் கடைக்காரரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஓடிபியையும் சொல்லிவிட்டு வருகிறார்.

தளம் திறந்தபின் கருத்துக் கேட்பது இதற்குத் தீர்வாகாது. விண்ணப்பத்தையே அனுப்ப முடியாதவர் கருத்தை எப்படி அனுப்புவார்? படிவம் காகிதத்தில் வரைவாக இருக்கும்போதே சீத்தா கேம்ப்பிலிருந்து ஒரு தமிழ்ப்பெண்ணை அழைத்து நிரப்பச் சொல்லியிருந்தால், மூன்றாம் கட்டத்திலேயே அவர் பேனா நின்றிருக்கும். அன்று துணிவீட்டுக்குள் நடந்து பார்த்த பெண்கள் செய்ததும் இதைத்தான்.