வெள்ளைத் தலைக்கவசம்: வாங்குவதா, செய்வதா?

யேர்மனியில் கார்னிவல் வந்தால் எங்கள் பிள்ளைகள் 'ஸ்டார் வோர்ஸ்' படையினரின் வெள்ளைத் தலைக்கவசம் கேட்கிறார்கள். படத்துக்கான தலைக்கவசங்களை 1976இல் இலண்டன் ருவிக்கனத்தில் அன்ட்ரூ எயின்ஸ்வேர்த், சூடாக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அச்சின்மேல் காற்றுறிஞ்சிப் படியவைத்துச் செய்தார். மூல உருவம் கையால் வனைந்தது. இடமும் வலமும் ஒத்திராது. இருபுறமும் அச்சொட்டாக இருக்கும் பிரதியை நம்பவேண்டாம்!

இது சிற்பமல்ல என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்ததால் அவர் அங்கு தொடர்ந்து விற்க முடிந்தது. ஆனால் பிரெக்சிற்றுக்குப் பின், அங்கிருந்து எடுப்பித்தால் இங்கே 19% இறக்குமதி வரி உண்டு. இலண்டன் மாமா அன்பளிப்பாக அனுப்பினாலும் 45 யூரோ பெறுமதி வரைதான் விலக்கு. பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள்.

முப்பரிமாண அச்சுப்பொறியில் நாங்களே செய்யலாம். முதலில் பிள்ளையின் தலையை அளவுங்கள். அச்சின் வரிகள் மறைய அரத்தாளால் தேய்ப்பதுதான் நாட்கணக்கான வேலை, முகக்கவசம் அவசியம். மோட்டார் சைக்கிளுக்கு இது உதவாது.