அச்சமும் வினாவும்

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி வட்டாரத்தில் வாழும் நமக்கு, மண்ணையும் நெருப்பையும் பற்றி எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்துச் சூளைகளில் களிமண் வெந்து பீங்கானாக உருப்பெறுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில், சுட்ட ஓட்டைப்போல் ஓசையெழும் களிமண்ணால் மனிதனும், புகையற்ற தீப்பிழம்பால் ஜின்னும் படைக்கப்பட்ட செய்தியை ஓதும்போது அந்தச் சூளைகள் நம் கண்முன் வருவதுண்டு. ஜின் என்பது நமக்கு வெறும் கதைப் பாத்திரமன்று. மறை கூறும் படைப்பு. ஆகவேதான் 12, 13 வயதுப் பிள்ளைகள் பேய்க்கதைகளையும் பூதக்கதைகளையும் ஆவலோடு நாடும்போது முஸ்லிம் பெற்றோர் உள்ளத்தில் தயக்கம் எழுகிறது. தடுப்பதா? விட்டுவிடுவதா? இதற்கு நம் இலக்கிய வரலாறே விடை தருகிறது.

இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானதாக அறிஞர் கொள்ளும் 'ஆயிரம் மசலா' 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. இயற்றியவர் வண்ணப்பரிமளப் புலவர். அதன் மற்றொரு பெயர் 'அதிசய புராணம்'. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருள். மதீனாவின் யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம், பெருமானார் (ஸல்) அவர்களிடம் படைப்பு, வானுலகு, சுவர்க்கம், நரகம், இறுதிநாள் ஆகியவை பற்றி வினவுகிறார். விடைகளில் நிறைவுற்று இஸ்லாத்தைத் தழுவுகிறார். அதிசயமும் வினாவும் ஒரே நூலுக்குப் பெயர்களாயின என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இதே வினாவிடைக் கதை 1143இல் ஸ்பெயினில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. பாரசீகம், மலாய், ஜாவானியம் ஆகிய மொழிகளிலும் வழங்கியது.

பின்னர் வந்த 'நூறு மசலா'வில், தன்னை மணக்க வருவோனிடம் இளவரசி ஒருத்தி வினாக்களைத் தொடுக்கிறாள். 'வெள்ளாட்டி மசலா'வில் தவத்துது என்னும் அடிமைப்பெண், கலீஃபா ஹாரூன் ரஷீதின் அவையில் அறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் விடையளித்து வெல்கிறாள். இவள் ஆயிரத்தோர் இரவுகளில் இடம்பெறும் பெண். ஆனால் நம் பிள்ளைகள் அறிந்ததோ அலாவுத்தீனின் விளக்குப் பூதத்தை மட்டுமே. அக்கதை பழைய அரபுச் சுவடிகளில் காணப்படாதது. அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்லக்கேட்டு, பிரெஞ்சுப் பெயர்ப்பாளர் கல்லான் தம் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. விளக்கைத் தேய்த்தால் ஏவலுக்குப் பூதம் வரும் என்ற கதை உலகெங்கும் பரவிற்று. அறிவால் அவையை வென்ற பெண்ணின் கதை நம் அலமாரிகளிலேயே உறங்கிவிட்டது.

ஜின் கதைகளுக்கு மறையே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. சுலைமான் நபி (அலை) அவர்களின் அவையில், ஸபா நாட்டு அரசியின் அரியணையை அவர்கள் இருக்கையிலிருந்து எழுவதற்குள் கொணர்வதாக இஃப்ரீத் என்னும் ஜின் கூறிற்று. வேத அறிவு பெற்ற ஒருவரோ, கண் இமைக்கும் முன் கொணர்வதாகக் கூறினார். வென்றது அறிவே. சுலைமான் நபி மறைந்த பின்னும், அதனை அறியாமல் ஜின்கள் பணியாற்றிக்கொண்டே இருந்த வரலாற்றையும் மறை கூறுகிறது. மறைவானவற்றை ஜின் அறியாது என்பதே அதன் பாடம்.

நம்மவர் பிள்ளைகளுக்காக எழுதாதிருந்த காலத்தில் பிறர் எழுதினர். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், விக்கிரமன் தோளில் கிடந்த வேதாளம் ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு வினாவை எழுப்பியது. 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய 'இரும்புக்கை மாயாவி', இங்கிலாந்துச் சித்திரக்கதையிலிருந்து வந்தவன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைபவன். அங்கேயும் மாயத்துக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. இவற்றைப் படித்த முஸ்லிம் சிறுவர் எவரும் ஈமானை இழந்துவிடவில்லை. கதையைக் கதையாகக் காணும் பக்குவத்தையே பெற்றனர்.

அச்சம் வினாவாக மாறாமல் அச்சமாகவே உறைந்துவிட்டால் நேர்வது என்ன? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி, 28 பேர் மாண்டனர். மனநோயைப் பேய் என்றும் ஜின் என்றும் எண்ணி, மருத்துவரை விடுத்துத் தர்காவை நாடி வந்த குடும்பங்கள் பல. அவற்றுள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அவர்களிடம் அன்பு குறைவாக இருந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். 'இது நோயாக இருக்கலாமோ?' என்னும் ஒரு வினாவே அங்கே இல்லாமற் போயிற்று. அவ்வினா எழும் பழக்கம் நாற்பது வயதில் திடீரென வருவதன்று. பன்னிரண்டு வயதில் ஊன்றப்படுவது.

ஆகவே, பிள்ளையின் கையிலிருக்கும் பேய்க்கதையைப் பறிப்பதால் பயனில்லை. பறிக்கப்பட்ட புத்தகம் போர்வைக்குள் படிக்கப்படும். அப்போது அச்சம் மட்டுமே துணையிருக்கும். நம் எழுத்தாளர்கள் மசலாக்களையும் கிஸ்ஸாக்களையும் இக்கால எளிய நடையில் இளையோருக்கென மீண்டும் எழுத முன்வர வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இஷாத் தொழுகை முடிந்து வீட்டில் அமர்ந்திருக்கும் வேளையில் பிள்ளையை அருகழைத்து, சுலைமான் நபியின் அவைக்கதையைச் சொல்லி, அந்த இஃப்ரீத்தை வென்றது எது என்று கேட்போமாக.