பட்டிப்பளை ஆறு கல்லோயாவான கதை

பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் உற்பத்தியாகி, கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கும் ஆற்றை இன்றைய வரைபடங்கள் கல்லோயா என்கின்றன. கிழக்குக் கரையின் தமிழ் பேசும் மக்களுக்கு அது பட்டிப்பளை ஆறு. பெயர் மாறியது இக்கதையின் மிகச் சிறிய பகுதியே.

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டான 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தினால் அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெருங்கனவான இத்திட்டத்தின் அணையை, இங்கினியாகலையில் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் கட்டியது. நீர்ப்பாசனம், வெள்ளத் தடுப்பு, மின்சாரம் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிடப்பட்ட நீர்த்தேக்கம் அந்நாளில் இலங்கையிலேயே மிகப் பெரியது. மின் நிலையமோ சுமார் 11 மெகாவாட் கொள்ளளவுடையது மட்டுமே.

அணையினால் நமது கரைக்கு நன்மை கிடைக்கவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. மாரி மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும் செய்த பல வயல்கள் சிறுபோகமும் கண்டன. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வெளிகளின் நெல்லுக்கு இங்கினியாகலை நீருடன் உள்ள தொடர்பை எவரும் மறுக்க இயலாது.

ஆனால், நீர் வந்தபோது நீரின் மீதான அதிகாரம் கையை விட்டுப் போனது. போடிமாரும் வட்டைவிதானைமாரும் வயற்காரருடன் கூடிப் பேசித் தீர்த்த விடயங்கள் அரச அலுவலகத்தின் தீர்மானங்களாயின. வாய்க்கால்களின் தலைப்பகுதிக் குடியேற்றங்களில் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள் அமர்த்தப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் கடைப்பகுதியில் இருந்தனர். நீர் குறையும் ஆண்டில் முதலில் காய்வது கடைப்பகுதி வயலே. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவரப்பட்ட வேளையில், கல்லோயாக் குடியேற்றங்களில் தமிழர் மீது வன்முறை ஏவப்பட்டது, பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானது. 2012 கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 விழுக்காடு, சிங்களவர் 39, தமிழர் 17. எனினும் மாவட்டத் தலைநகராக அமைந்தது கல்முனையன்று. குடியேற்றத் திட்டத்துடன் வளர்ந்த அம்பாறை நகரமே.

இதற்கு மாறான ஒரு நிகழ்வையும் பதிவு செய்தல் வேண்டும். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்த 1981இல், இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் தமது பங்கில் நீரைச் சேமித்துக் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு அனுப்பினர். கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து விவசாயிகளை ஒழுங்கமைத்த முயற்சியின் பயன் அது. தீர்மானிக்கும் உரிமை வயற்காரர் கைக்குத் திரும்பியபோது இனம் கடந்த நியாயம் சாத்தியமாயிற்று.

இவையெல்லாம் நாம் பலமுறை எழுதிய, பேசிய விடயங்கள். நாம் எழுதாதது ஒன்றுண்டு. சமுத்திரத்தின் அடியில் மூழ்கியது வெறுங்காடன்று. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வு நூல், தனிகல, ஹெனபெத்த முதலிய இடங்களின் வேடர் குடும்பங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளது. எந்தக் குகை, எந்த வேட்டைக்காடு, தேனெடுக்கும் எந்தப் பாறை எவர் குடும்பத்துக்குரியது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. அது உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்ட கணக்கன்று. ஆகவே அரசின் பார்வையில் அந்நிலத்துக்கு உரிமையாளர் இல்லை. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. 1954இல் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. வேட்டையாடி வாழ்ந்தவர்கள் மண்வெட்டியை ஏந்தும் குடியேற்றவாசிகளாயினர். மகாவலித் திட்டத்தையொட்டி 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தம்பானை வேடர்களுக்கும் இதே கதி நேர்ந்தது.

கரையோர மக்களுக்குப் பள்ளிவாசலும் கோவிலும் பத்திரிகையும் பாராளுமன்ற உறுப்பினரும் இருந்தனர். ஆதலால் நமது இழப்பு ஒரு அரசியற் கோரிக்கையாயிற்று. வேடர்களுக்கு இவற்றில் எதுவும் இருக்கவில்லை. குடியேற்றத்தினால் மாறிய இன விகிதாசாரத்தைத் தசாப்தக் கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் நமது கட்டுரைகள், அதே அணையினால் ஊரும் காடும் இழந்தவர்களை ஒரு வரியிலும் எண்ணுவதில்லை. நமது வயலுக்கு வந்த நீர் அவர்களின் நிலத்தின் மீதே தேங்கி நிற்கிறது. பட்டிப்பளை ஆறு என்ற பழம்பெயரை மீட்க விரும்புவோர், அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த எல்லோருடைய பெயர்களையும் சேர்த்தே மீட்க வேண்டும்.