மணலெழுத்தும் கணினிக் கல்வியும்

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். மூத்த மாணாக்கனே சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற பிள்ளைகட்கு 1789இல் தொடங்கிய பள்ளியின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்பார், மணலெழுத்தைக் கண்டு வியந்தார். தம் ஆசிரியர் உடன்படாமையின், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே அதனைக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே ‘சென்னை முறை’ இங்கிலாந்தில் பரவலாயிற்று.

அம்மணற்பரப்பே இன்று கண்ணாடித் திரையாய் வந்துளது. 1999இல் டில்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்பார் சுவரொன்றிற் கணினியைப் பதித்து வைத்தார். சேரிச் சிறார் ஆசிரியரின்றியே ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்து அதனை இயக்கக் கற்றனர். பின்னர்க் காளிக்குப்பம் என்னும் சிற்றூரில் தமிழ்ச் சிறார் உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் தாமே பயின்று நூற்றுக்கு ஏறத்தாழ 30 பெற்றனர். அப்பாடமே அறியாத ஒருவர் அருகிருந்து ஊக்கவே, ஏறத்தாழ 50 எய்தினர்.

மண்ணூர்பேட்டை அன்பர்களே! ஆலையில் உழைத்துக் களைத்து மீளும் நாம், மகவு அழாதிருக்கக் கைப்பேசியைக் கையிற் கொடுத்து அமைகின்றோம். அது கல்வியாகாது. நமக்குக் கணினி தெரியாதே என்று அஞ்சவும் வேண்டா. நாடோறும் அரைமணி அருகமர்ந்து, ‘இதனை எங்ஙனம் செய்தாய்?’ என வினவுங்கள். தன் பெயரைத் தமிழில் தட்டச்சிடச் சொல்லுங்கள். கல்லூரியிற் பயிலும் நம் இளைஞர் ஞாயிறுதோறும் சட்டாம்பிள்ளைகளாய் முன்வருவாராக. பழைய திண்ணை நம் வீடுகளில் மீண்டும் தழைக்கும்.