பெயர் தெரிந்த இலை

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது ஏலாக்குறிச்சி. அங்குள்ள அடைக்கல அன்னையின் தலத்திற்குத் திருக்காவலூர் எனப் பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர். பிளவை நோயால் துன்புற்ற அரியலூர் மழவராயரை அவர் செபத்தாலும் மருத்துவத்தாலும் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாகவே தலத்திற்கு நிலம் கிடைத்தது என்றும் அவ்வூர் மரபு கூறுகிறது.

1680-இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த ஒருவர் இம்மண்ணின் பச்சிலைகளை எவ்வாறு அறிந்திருக்கக்கூடும்? மக்களிடம் பெயர் கேட்டுத்தான். 1732-இல் அவர் இயற்றிய சதுரகராதியின் முதற்பகுதியே பெயரகராதி. அவர் கோவாவில் வந்திறங்கிய 1710-இல், உலகின் மறுகோடியில், அவருடைய சபையைச் சேர்ந்த பேத்ரோ தெ மொந்தெநேக்ரோ என்னும் சகோதரர் பராகுவே மறைப்பணித்தளத்து மூலிகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குவாரனி மக்கள் வழங்கிய பெயர்களையும் அதில் பதிவு செய்தார். இருவரும் செய்தது ஒரே பணிதான்.

அத்தென்னமெரிக்க மண்ணிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய செடி ஒன்று உண்டு; எலுமிச்சை வெர்பீனா என்பர். 18-ஆம் நூற்றாண்டில் அது மத்ரீத் அரச தாவரத் தோட்டத்தை அடைந்தது. பின்னாளில் ஸ்பெயினின் அரசியான மரிய லூயிசாவின் நினைவாக அதற்கு 'அலோசியா' என்று பெயரிட்டனர். லூயிசா என்பதன் இலத்தீன் வடிவமே அது. நாம் ஞானப்பிரகாசியார் என வணங்கும் புனித அலோசியுஸ் கொன்சாகாவின் பெயரும் அதே வேரில் கிளைத்ததே. அப்புனிதர் பிறந்த ஊரும் காஸ்திலியோனே என்பது இனியதொரு பொருத்தம்.

இச்செடியை நம் பெரம்பலூர், அரியலூர் வீடுகளிலும் வளர்க்கலாம். கரிசல் மண் நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். ஆகவே, தொட்டியில் மணலும் மக்கிய எருவும் கலந்து, இளந்தண்டை வெட்டி நடவேண்டும். காலை வெயில் போதும். கோடையின் உச்சி வெயிலில் நிழல் தேவை. நுனியைக் கிள்ளிவிட்டால் செடி புதராகக் கிளைக்கும். சிறு பூக்கள் அரும்பும் பருவத்தில், பனி உலர்ந்தபின் முற்பகலில் இலைகளைப் பறித்து, நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாத கலத்தில் வைத்தால் மணம் நெடுநாள் நிற்கும். நான்கைந்து இலைகளைக் கொதிநீரில் இட்டுச் சற்றே மூடிவைத்தால் நறுமணப் பானம் ஆயத்தம்.

ஆனால் நம் கொல்லையை ஒருமுறை பார்ப்போம். அதே மணத்தைத் தரும் சித்ரால் என்னும் பொருள் எலுமிச்சைப்புல்லில் இன்னும் மிகுதியாக உண்டு. ஒரு தூரைப் பிரித்து நட்டால் சில மாதங்களில் அறுவடைக்கு வரும். அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தால் மீண்டும் மீண்டும் தழைக்கும். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் தரையோடு படரும் பொடுதலையோ எலுமிச்சை வெர்பீனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சாற்றை எண்ணெயில் காய்ச்சிப் பொடுகுக்குத் தேய்த்தவர்கள் நம் பாட்டிமார். அதே குடும்பத்து உண்ணிச்செடியோ, அழகுக்காக அயலிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நெருக்கி நிற்கிறது.

அரசியின் பெயர் தாங்கிய உறவினரை வரவேற்பதில் தவறில்லை. ஆனால் வாசலில் நிற்கும் பொடுதலையை நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்ட நம்மால் இயலுமா? பெயர் மறந்த செடி களையாகிறது. களையெனக் கண்டால் கொத்திக் களைகிறோம். செடியோடு, அதைப் பயன்படுத்திய தலைமுறைகளின் அறிவும் மண்ணில் புதைகிறது. சிமெண்டுத் தளமாகிவிட்ட எத்தனை முற்றங்களுக்கடியில் எத்தனை பெயர்கள் புதைந்துள்ளனவோ!

அயல்நாட்டு முனிவர் ஒருவர் நம்மிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொற்களை நாமே கைவிடலாமா? அடுத்தமுறை ஏலாக்குறிச்சி செல்லும்போது, வழியோரத்தில் தென்படும் ஒரு பச்சிலையின் பெயரையேனும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நமக்குத் தெரியாவிடின், அருகில் களையெடுக்கும் மூதாட்டியிடம் கேட்போம். வீரமாமுனிவரும் அப்படித்தானே கற்றிருப்பார்!